அமரத்துப் பலகை

மரமே வேண்டாத படகு என்றுதான் கண்ணாடியிழைப் படகை உலகம் வரவேற்றது. உளுத்துப் போகாது, கடற்புழு துளைக்காது, ஆண்டுதோறும் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்க வேண்டாம், தச்சர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டாம். அச்சில் வார்த்து எடுத்தால் வேலை முடிந்தது. இந்த உறுதிமொழி பெருமளவுக்கு மெய்யும்கூட. அறுபது ஆண்டுகள் கடந்த உடற்கூடுகள் அமெரிக்க ஏரிகளிலும் கழிமுகங்களிலும் இன்றும் மிதக்கின்றன. எனினும் அப்படகுகளில் மிகப் பலவற்றின் பின்புறத்தை அறுத்துப் பார்த்தால் உள்ளிருந்து வெளிப்படுவது மரமே. ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒட்டுப்பலகை. பலகை என்று சொல்லத் தகுதியற்ற நிலையில், வடிகட்டிய காப்பித்தூள் போலக் கையோடு வருவதும் உண்டு.

படகின் பின்புறத்தை நேர்வெட்டாக அடைக்கும் அத்தட்டைச் சுவருக்கு ஆங்கிலத்தில் டிரான்சம் என்று பெயர். கப்பல் வரலாறு எழுதியோர் பாய்மரத்தையும் பீரங்கியையும் பக்கம் பக்கமாகப் பாடியிருக்கிறார்கள். இந்தச் சுவரைப் பற்றி எழுதியது குறைவு. அக்குறையைக் கொஞ்சமேனும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் படித்தவனுக்குப் படகுப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே விடைதான்: எனக்கு இந்த ஆர்வம் ஒரு சொல்லில் தொடங்கியது.

நம் கடலோடிகள் கலத்தின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் வழங்குவர். இரண்டும் செறிவான சொற்கள். ஆனால் டிரான்சத்துக்கு நேரான பழஞ்சொல் ஒன்றைத் தேடினேன்; அகப்படவில்லை. சொல்வறுமை இதற்குக் காரணமன்று. பொருள் இல்லாத இடத்தில் சொல் எப்படிப் பிறக்கும்? கட்டுமரத்துக்குப் பின்சுவர் கிடையாது. சென்னைத் துறைமுகம் எழும்புவதற்கு முன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்த, கயிற்றால் தைத்த மசூலாப் படகும் இருமுனை கூர்ந்தது. அலை உடையும் திறந்த கரையில் அதுவே அறிவுடைமை. கரையேறும் படகைப் பின்னாலிருந்து துரத்திவரும் அலை தட்டைச் சுவரில் மோதினால் படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். கூர்முனையில் பட்டால் பிளந்து இருமருங்கும் ஒதுங்கும். வடகடலின் வைக்கிங் கலங்களும் இருமுனை கூர்ந்தவையே.

ஐரோப்பாவில் அமரம் தட்டையானதற்கு முதற்படி சுக்கான் எனலாம். பக்கவாட்டில் கட்டிய பெருந்துடுப்பால் திசை திருப்பிய நிலை மாறி, பின்புற நடுவில் சுக்கானைத் தொங்கவிடும் வழக்கம் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வட ஐரோப்பாவில் பரவியது. பிறகு 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பெருங்கலங்களின் பின்புறமே சதுரமாயிற்று. தலைவனுக்கு அறை கிடைத்தது. அறைக்குச் சன்னல் கிடைத்தது. சன்னலைச் சுற்றிச் சிற்பம் ஏறியது. 1628இல் தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 1961இல் மேலே தூக்கப்பட்ட வாசா என்ற சுவீடியக் கப்பலின் பின்புறத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது கோபுரத்தின் ஒரு நிலையைப் பெயர்த்து வைத்தாற்போல் இருக்கும். அழகு மிகுந்த அவ்விடமே போரில் நலிந்த இடமும் ஆயிற்று. பக்கங்களில் கனத்த கருவாலிப் பலகை. பின்னாலோ கண்ணாடிச் சன்னல். 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் விக்டரி, பிரெஞ்சுத் தளபதியின் புசன்டோர் கப்பலின் பின்புறமாகக் கடந்தபோதே குண்டுகளை அதன் நீளம் முழுக்கச் செலுத்திவிட்டது.

டிரான்சம் என்ற சொல்லைக் குறுக்குச்சட்டம் என்னும் பொருள்கொண்ட லத்தீன் மூலத்தோடு அகராதிகள் தொடர்புபடுத்துகின்றன. வாசற்கதவின் மேலே குறுக்கே ஓடும் சட்டத்துக்கும், அதற்கு மேலுள்ள சிறு சன்னலுக்கும் அதே பெயர்தான். குறுக்கே நின்று இரு பக்கங்களையும் பிணைப்பது என்பதே அச்சொல்லின் உட்பொருள். இந்தப் பொருளை மனத்தில் கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

*

சிறு படகின் பின்சுவருக்கு வேறொரு தலைவிதி காத்திருந்தது. அதை எழுதியவர்களுள் முதன்மையானவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் வாழ்ந்த ஓலே எவின்ரூட். காதலிக்காகப் பனிக்கூழ் வாங்க ஏரியில் துடுப்பு வலித்துப் போனார். திரும்புவதற்குள் வெயிலில் அது உருகிவிட்டது. அன்றைக்கே படகில் தொங்கவிடும் இயந்திரத்தை எண்ணினார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, 1909இல் அவர் இயந்திரம் விற்பனைக்கு வந்தது மெய். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே கேமரன் வாட்டர்மன் என்பவர் அத்தகைய ஒன்றைச் செய்து விற்றிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவின்ரூடின் இயந்திரம் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது 28 கிலோ. இரண்டு பிடிப்பாணிகளால் பின்பலகையில் கவ்வ வைத்தால் போதும்.

இதோடு பின்பலகையின் தொழில் மாறிவிட்டது. அதுவரை நீரை வெளியே நிறுத்திய சுவர், இப்போது படகையே தள்ளிக்கொண்டு போகும் விசை முழுவதையும் வாங்க வேண்டியதாயிற்று. சுழலி நீருக்கடியில் முன்னோக்கித் தள்ளுகிறது. அதனால் இயந்திரத்தைத் தாங்கும் பிடியின் கீழ்விளிம்பு பலகையை உள்ளே அமுக்குகிறது, மேல்விளிம்பு வெளியே இழுக்கிறது. அலையில் படகு குதிக்கும் ஒவ்வொரு முறையும் தொங்கும் எடை பலமடங்காகி அப்பலகையை உலுக்குகிறது. 28 கிலோவுக்கு அது ஒரு பொருட்டன்று. இன்றைய 150 குதிரைத்திறன் நாலடிச் சுழற்சி இயந்திரமோ 200 கிலோவைத் தாண்டும். 1996இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கொணர்ந்த புகைக்கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் இலகுவான பழைய ஈரடி இயந்திரங்கள் படிப்படியாக ஒதுங்கின. அவற்றின் எடையைக் கணக்கிட்டுக் கட்டிய பழைய படகுகள் புதிய கனத்தைச் சுமக்கலாயின. (எவின்ரூடின் பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தியும் 2020இல் நின்றுபோனது.)

இனிக் கண்ணாடியிழைக்கு வருவோம். 1932இல் ஒஹையோ மாநிலத்தில் டேல் கிளைஸ்ட் என்னும் இளம் ஆய்வாளர் உருகிய கண்ணாடியைத் தெளித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்பாராமல் மெல்லிய இழைகள் விழுந்தன. கேம்ஸ் ஸ்லேட்டர் அதைத் தொழிலாக வளர்த்தார். 1938இல் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் உருவாயிற்று. மறுபக்கம், சூடும் அழுத்தமும் இன்றித் தானே இறுகும் பாலியெஸ்டர் ரெசின் வந்து சேர்ந்தது. ஒஹையோவின் டொலீடோ நகரத்து ரே கிரீன் 1942இல் இரண்டையும் சேர்த்து ஒரு சிறு படகு செய்தார். போர் முடிந்ததும் வெள்ளம்போல் வந்தது. 1958இல் 13 அடி பாஸ்டன் வேலர்; 1959ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் 28 அடி டிரைட்டன் பாய்க்கலம். அதுவரை செல்வர்க்குரியதாயிருந்த உல்லாசப் படகு, மாதச் சம்பளக்காரன் தவணையில் வாங்கும் பொருளானது. பாஸ்டன் வேலரை உருவாக்கிய ரிச்சர்ட் ஃபிஷர், ஓடும் படகில் உட்கார்ந்துகொண்டே அதை நடுவில் ரம்பத்தால் அறுத்து, பாதிப் படகில் கரை திரும்பிய படங்கள் 1961இல் லைஃப் இதழில் வந்தன. இரண்டு தோல்களுக்கு நடுவே நுரை நிரம்பிய உடல் அது. மூழ்காத படகு என்று பெயர் பெற்றது. ஆயினும் இயந்திரம் தொங்கும் இடத்தில் அதற்குள்ளும் மரம்தான் வைக்கப்பட்டது.

ஏன் மரம்? இங்கே செய்முறையைச் சற்று விளக்க வேண்டும். மரப்படகில் சட்டம் முதலில், பலகை அடுத்து, வண்ணம் கடைசியில். கண்ணாடியிழைப் படகில் வரிசை தலைகீழ். மெழுகிட்ட அச்சின் உட்புறத்தில் முதலில் பூசப்படுவது ஜெல்கோட். நாம் வெளியே காணும் பளபளப்பான வண்ணத்தோல் அதுதான். அதன்மேல் மேட்டும் ரோவிங்கும் ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டப்படும். ஆக, முகம் முதலில் பிறக்கிறது. எலும்பு பின்னால் வருகிறது. வளைந்த பக்கங்களுக்கு அவற்றின் வளைவே வலிமை தரும். தட்டையான பின்சுவருக்கு அந்த வரம் இல்லை. தட்டை எதுவும் நெளியும். நெளியாமலிருக்கக் கனம் வேண்டும். கனம் முழுவதையும் இழையும் ரெசினுமாகக் கொடுத்தால் செலவும் எடையும் ஏறும். முக்கால் அங்குல ஒட்டுப்பலகை இரண்டை ஒட்டி நடுவே வைத்து, உட்புறம் மெல்லிய இழைத்தோல் போர்த்திவிட்டால் மலிவு, விறைப்பு, போல்ட்டை முறுக்கும்போது நசுங்காத உறுதி ஆகிய மூன்றும் கிடைக்கும். பொறியியல் நோக்கில் இதில் குற்றம் காண முடியாது. நல்ல யோசனை.

குற்றம் அதன்பின் நடந்தது. பல பட்டறைகளில் பலகையின் மேல்விளிம்பை ரெசினால் மூடாமல், அலுமினியப் பட்டை ஒன்றைக் கவிழ்த்துத் திருகாணி அடித்து விட்டார்கள். வடிகால் துளையின் உட்சுவரை அடைக்கவில்லை. இயந்திரத்தின் போல்ட் துளைகளில் பூசிய பசை சில ஆண்டுகளில் காய்ந்து வெடித்தது. அதன்பின் உடைமையாளரின் முறை: ஆழமானிக்கு இரண்டு திருகாணி, ஏணிக்கு நான்கு, வேகமானிக்கு இரண்டு. ஒவ்வொரு துளையும் நீருக்குத் திறந்த ஒரு வாசல். உள்ளே போன நீருக்கு வெளியேற வழியில்லை, ஏனெனில் இருபுறமும் நீர் புகாத தோல். மரப்படகின் பலகை நனையும், காயும். இதுவோ நனைந்தால் நனைந்ததுதான்.

பழைய படகுகளைப் பற்றிப் பேசுவோர் பலர் உப்புநீர்தான் மரத்தை அரித்தது என்பார்கள். இது பிழை. மரத்தைத் தின்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் அதன் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் பூஞ்சை வளராது. காற்றே புகாத அளவுக்கு மூழ்கிக் கிடந்தாலும் வளராது. உப்பும் அதற்குப் பகை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கப்பல் தச்சர்கள் சட்டங்களின் இடைவெளிகளில் கல்லுப்பைக் கொட்டி நிரப்பியதே மரம் உளுக்காமலிருக்கத்தான். கொல்வது மழைநீர். வண்டியில் ஏற்றிக் கொல்லைப்புறத்தில் நிறுத்திய படகு, மேலே மூடாமல், வடிகால் தக்கையும் எடுக்காமல் இரண்டு மழைக்காலம் கிடந்தால் போதும். கடலில் உழைத்த படகைவிட வீட்டில் ஓய்ந்திருந்த படகே விரைவில் உளுத்துப் போகிறது. இதைப் பலர் நம்புவதில்லை.

*

இத்தொழில் தமிழ்க் கரைக்கு வந்த வழியும் சொல்லத் தக்கது. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நார்வே சென்றார். அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்று, அந்நாட்டு மக்களின் உதவியோடு 1967இல் சீநோர் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். காரைநகரில் எழுந்த அதன் படகுத்துறையில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. போர்க்காலத்தில் அது செயலிழந்தது வேறு கதை. அதை எழுத ஈழத்து நண்பர்களே தகுதியுடையவர்கள். இப்பக்கத்தில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியம் நாட்டவரான பியர் கில்லெ ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டும் முறையை மீனவரிடையே வளர்த்தார். 1980களில் வெளியிணைப்பு இயந்திரங்களும் அக்கரைகளில் பரவின. தட்டைப் பின்சுவர் நம் மீனவர்க்குப் பழகியது இத்தகைய வழிகளிலேதான். அமரம் இருமுனைக் கூர்மையை விட்டது இயந்திரத்துக்காக.

26 டிசம்பர் 2004க்குப் பிறகு நடந்ததை இங்கே சொல்லாமல் கடக்க இயலாது. ஆழிப்பேரலை அடித்துப்போன படகுகளுக்கு ஈடாகத் தமிழகக் கரையிலும் இலங்கையிலும் கண்ணாடியிழைப் படகுகள் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டன. கொடுத்தவர்களின் நெஞ்சு ஈரமானது, ஐயமில்லை. ஆனால் ஒரு படகுக்குரிய இழையையும் ரெசினையும் நேரத்தையும் மிச்சப்படுத்தி இன்னொரு படகு காட்டிய பட்டறைகளும் அவசரத்தில் முளைத்தன. எண்ணிக்கையை அறிக்கையில் காட்டுவது எளிது. பின்பலகையின் விளிம்பு அடைக்கப்பட்டதா, உட்தோல் எத்தனை அடுக்கு என்பதெல்லாம் கையளிப்பு விழாப் புகைப்படத்தில் தெரியாது. உலாவப் போகும் அமெரிக்கப் படகில் பின்சுவர் உளுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெடும். கரையே கண்ணுக்குத் தெரியாத தொலைவில் வலை இழுக்கும் நால்வரின் படகில் அது உளுத்தால் இயந்திரம் கடலுக்குள் போகும். அதன்பின் காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே. உலக உணவு வேளாண்மை அமைப்பு 2009இல் கண்ணாடியிழைப் படகு கட்டுவதற்கான பயிற்சிக் கையேடுகளைப் புதிதாக வெளியிட்டது. ஐந்து ஆண்டு முந்தியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

*

உளுத்த பின்சுவரை மறுபடி கட்டுவது எப்படி? அமெரிக்காவில் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் இது ஏறக்குறைய ஒரு நாட்டார் கலையாகவே வளர்ந்துவிட்டது. தச்சனை விரட்டிய படகு, வாங்கியவனையே தச்சனாக்கிய கதை.

முதலில் நோய் அறிதல். சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல இடம் கணீரென்னும், உளுத்த இடம் பூசணிக்காயைத் தட்டினாற்போல் மொத்தென்னும். நம் ஊரில் மண்பானை வாங்குவோர்க்கு இந்தக் கலை தெரியும். இயந்திரத்தின் அடிப்பகுதியைக் கையால் தூக்கி அமுக்கினால் சுவர் அசைகிறதா என்று கவனிப்பது அடுத்தது. கடைசிச் சான்று துளை: உட்புறமாகச் சிறு துளையிட்டு, துரப்பணத்தில் சுற்றி வரும் சுருளைப் பார்க்க வேண்டும். வெளிறி உலர்ந்து வந்தால் நலம்; கறுத்து ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் முடிந்தது. துளையைப் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் இடுவார்கள். நீர் அங்கேதான் தங்கும்.

அடுத்தது எந்தப் பக்கம் அறுப்பது என்ற வழக்கு. வெளித்தோலை அறுத்தெடுத்தால் உள்ளமைப்புகளைக் கலைக்க வேண்டாம். நின்று வேலை செய்ய வசதி. ஆனால் முகத்தை முழுதும் புதுப்பிக்க வேண்டும். உட்தோலை அறுத்தால் முகம் தப்பும். ஆனால் மேல்தளத்தின் ஒரு பகுதியைக் கழற்றிக் குறுகிய இடத்தில் குனிந்து உழைக்க வேண்டும். இரண்டு தோலையும் தொடாமல் மேலிருந்து சங்கிலி ரம்பத்தால் மரத்தைத் தோண்டி, இறுகும் கலவையை ஊற்றுவோரும் உண்டு. என் வாக்கு உட்புறத்துக்கே. படகின் சாய்வும் வடிவும் வெளித்தோலில்தான் பதிந்திருக்கின்றன. பின்சுவர் செங்குத்தாக நிற்பதில்லை. 12 முதல் 14 பாகை வரை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இயந்திரத் தண்டின் நீளத்துக்கேற்ப அதன் உயரம் 15, 20, 25 அங்குலம் என வகுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவுகள் பிசகினால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டோ தலையைக் குத்திக்கொண்டோ ஓடும். வெளித்தோலை வைத்துக்கொண்டால் அளவுகளும் தாமே நிலைக்கும்.

இயந்திரத்தை இறக்கி, படகின் அடியை நெளியாதபடி முட்டுக்கொடுத்து நிறுத்திய பிறகே ரம்பம். எதிர்ப்பக்கத் தோலை வெட்டிவிடாமல் ஆழத்தை அளந்து வைத்துக்கொண்டு அறுப்பார்கள். தோல் உரிந்ததும் பலகையின் ஒரு பகுதி தானே விழும். நல்ல பகுதியோ உளியும் சுத்தியலும் கொண்டு நாள் முழுக்கப் போராடினாலும் வராது. ஒரே பலகையில் இரண்டும் இருக்கும். அதன்பின் கிரைண்டர். கண்ணாடித் தூள் மேலே பட்டால் காஞ்சொறி பட்ட கதைதான். முகமூடியின்றி மூச்சில் போனால் அதைவிடக் கேடு. தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் உளுத்திருப்பது அநேகமாக இப்போதுதான் தெரியவரும். பின்சுவர் வாங்கிய விசையைப் படகு முழுக்கப் பகிர்ந்துகொடுப்பவை அச்சட்டங்களே. அவற்றை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் கட்டுவது, செல்லரித்த நிலைக்குப் புதுக்கதவு மாட்டுவது போன்றது.

புதுப்பலகைக்கு முதலில் அட்டையில் வடிவம் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகு கடற்பணிக்கான ஒட்டுப்பலகை இரண்டை அறுப்பார்கள். ஒட்டுவதற்கு எது என்பதில்தான் வரலாறு மறுபடி குறுக்கிடுகிறது. ஆதியில் படகைக் கட்டியது பாலியெஸ்டர். அது புதிதாக நனைந்த அடுக்கோடு நன்றாகப் பிணையும்; இறுகிப்போன பழைய தோலோடும் மரத்தோடும் அவ்வளவு உறவாடாது. மிச்சிகன் மாநிலத்து பே சிட்டியில் மீட், ஜான், ஜோயல் என்ற கூஜன் சகோதரர்கள் பனிச்சறுக்குப் படகுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மரத்தை எபாக்சியில் தோய்த்து ஈரம் புகாமல் அடைக்கும் முறையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். 1970இல் அவர்கள் மிதக்கவிட்ட அடாஜியோ என்னும் 35 அடி மூவுடல் கலம் முழுக்க எபாக்சியால் பிணைக்கப்பட்டது. 1979இல் தம் முறையை நூலாக எழுதி வெளியிட்டார்கள். மரத்தைத் துறந்த தொழிலுக்கு மரத்தைக் காப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தவர்கள் மரத்தை விடாத இந்த மூவர் என்பது எனக்கு எப்போதும் சுவையான செய்தி.

பலகைகளின் எல்லா முகங்களிலும், முக்கியமாக விளிம்புகளில், முதலில் நீர்த்த எபாக்சியைப் பூசிக் குடிக்கவிட வேண்டும். பிறகு சிலிக்காத் தூள் கலந்து, கரண்டியிலிருந்து வழியாத கெட்டித்தயிர்ப் பதத்தில் குழைத்துச் சீப்புக்கரண்டியால் பரப்பி, வெளித்தோலோடு அழுத்த வேண்டும். வெளிப்புறம் நேரான கட்டைகளைக் குறுக்கே வைத்து இறுக்கினால் சுவர் வளையாது. ஓரங்களில் பசை சிறிது பிதுங்கினால் போதும். வலிமைக்கு ஆசைப்பட்டு மிகையாக இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி மூட்டு வறண்டுவிடும். ஒரே கலத்தில் நிறையக் குழைத்தாலும் வினை. கலவை தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும்.

பலகையும் உடற்சுவரும் சந்திக்கும் மூலையில் செங்கோணம் கூடாது. இழைத்துணி கூர்மூலையில் மடங்காது, அடியில் காற்றுக்குமிழ் விட்டுவிடும். அதே கெட்டிக் கலவையை மூலையில் இட்டு, கரண்டியின் முதுகால் உருட்டி வளைவு கொடுத்து, அதன்மேல் குறுக்குநெடுக்கு இழைத்துணியை அகலம் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். பழைய தோலோடு புதுத்தோல் சேரும் இடத்தைக் கனத்துக்குப் பன்னிரண்டு பங்கு அகலத்தில் சரிவாகத் தேய்ப்பது மரபு. கால் அங்குலத் தோலுக்கு மூன்று அங்குலச் சரிவு. புதியது பழையதைப் பிடித்துக்கொள்ள அவ்வளவு நீளக் கைகோப்பு வேண்டும். குறுக்கே நின்று இரு பக்கங்களைப் பிணைப்பது என்று முன்னே சொன்ன சொற்பொருள் உண்மையில் நிறைவேறுவது இந்த மூலைகளில்தான். நடுப்பலகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூலை விட்டால் சுவர் தனியே வந்துவிடும்.

துளையிடும் முறை தனியே குறிப்பிடத்தக்கது. வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, அதைக் கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவுத் துளை இடுவார்கள். போல்ட் கடந்து செல்வது எபாக்சிக் குழாய் வழியாகவே. நாளை பசை வெடித்து நீர் கசிந்தாலும் மரம் அதைக் காணாது. வடிகால் துளைக்கும் இதுவே முறை. ஆதியில் பட்டறையில் அரைமணி நேரம் செலவிட்டு இதைச் செய்திருந்தால் எத்தனையோ படகுகளின் வரலாறு மாறியிருக்கும்.

இனி முகம். தொழிற்சாலையில் முதலில் பிறந்தது இங்கே கடைசியில் பிறக்க வேண்டும். அச்சும் கிடையாது, கையும் கண்ணும்தான். எபாக்சி இறுகும்போது மேலே படியும் மெழுகுப் படலத்தை வெறும் நீரால் கழுவிய பிறகே உப்புத்தாளை எடுக்க வேண்டும்; கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளேயே அரைபடும். நுண்குமிழ்த் தூள் கலந்த இலேசான கலவையால் பட்டி பார்த்து, நீண்ட பலகையில் ஒட்டிய உப்புத்தாளால் மூலைவாக்கில் இழைப்பார்கள். சிறு கட்டையால் தேய்த்தால் பள்ளத்தோடு பள்ளமாகப் போய்விடும். கண் ஏமாறும், உள்ளங்கை ஏமாறாது. எபாக்சியின்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் ஒட்டாது என்போர் ஒரு சாரார். நன்கு இறுகியதைக் கழுவித் தேய்த்துப் பூசினால் ஒட்டும் என்பது கூஜன் நிறுவனத்தின் நிலை. தகராறு வேண்டாதவர்கள் எபாக்சி அடிப்பூச்சும் இருகூற்றுப் பாலியூரித்தேன் வண்ணமும் பூசிவிடுகிறார்கள். ஜெல்கோட்டேதான் வேண்டுமென்றால் இன்னொரு சிக்கல்: காற்றுப் படும் பக்கம் அது பிசுபிசுவென்றே இருக்கும். அச்சுக்குள் அதற்குக் காற்றுப் படவில்லை. இங்கே மெழுகு கலந்தோ மேலே ஒரு படலம் தெளித்தோ காற்றை மறைக்க வேண்டும். நாற்பது வயதுப் படகின் வெள்ளை வெள்ளையன்று என்பதும் இப்போதுதான் புலப்படும். ஒருதுளி மஞ்சள், அரைத்துளி பழுப்பு என்று கலந்து கலந்து பழைய நிறத்தைத் தேட வேண்டும்.

வெளித்தோலை அறுத்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1 நவம்பர் 1972 முதல் அமெரிக்காவில் கட்டப்படும் ஒவ்வொரு படகுக்கும் பன்னிரண்டு எழுத்தெண்கள் கொண்ட அடையாள எண் உண்டு. அது பொறிக்கப்படும் இடம் பின்சுவரின் வலப்பக்க மேல்மூலை. கட்டியவர், வரிசை எண், ஆண்டு எல்லாம் அதில் அடக்கம். அந்தத் துண்டைத் தொடாமல் சுற்றி அறுப்பவர்கள் உண்டு.

எல்லாம் இறுகி, மெருகேறி, இயந்திரம் மீண்டும் தொங்கியபின் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பெயர் எழுதுவது. கடலோரக் காவல் படையிடம் ஆவணப் பதிவு பெற்ற படகானால் பெயரும் ஊரும் நான்கு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மற்றவர்கள் ஆசைக்காக எழுதுகிறார்கள். அறுப்பதற்கு முன் பழைய பெயரின்மேல் மெல்லிய தாளை ஒட்டிப் படியெடுத்து வைத்தவர்கள், இப்போது அந்தத் தாளை விரித்து, அதே வளைவில், அதே இடத்தில் தூரிகையைத் தொடுகிறார்கள்.